நான் எழுதிப் போட்ட ஜெப விண்ணப்பம்

கோல்டிங், டென்மார்க்
மாசி 3

அன்பு மகள் தபிதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், டெக்சாஸில் நீயும் மருமகனும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும்.

தொலைபேசியில் சொன்னால் இடையில் வெட்டிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். உட்கார்ந்ததில் இருந்து மூன்று தடவை எழும்பிவிட்டேன், தேத்தண்ணீரும் ஆறிவிட்டது. உனக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை கிடைக்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சபையில் ஜெப விண்ணப்பத் துண்டு எழுதிப் போட்டவள் நான். பாஸ்ரர் ஜெபநேசன் வெள்ளிக்கிழமைதோறும் அதை வாசிக்க எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வருகிற இருபதாம் திகதி சத்தியப்பிரமாணம் என்று நீ அறிவித்ததும் சபையில் கேக்கும் வெட்டிக் கொடுத்தேன். அந்தச் சத்தியத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. போன கிழமைதான் அப்பா வாசித்துக் காட்டினார், சட்டம் கேட்டால் அமெரிக்காவுக்காக ஆயுதம் தூக்குவேன் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதே கிழமை உன் தம்பி ஜெனுஷன் டெனிஷ் இராணுவ உடுப்போடு வந்து, தன்னைக் கிரீன்லாந்துக்கு அனுப்புகிறார்கள் என்றான். டென்மார்க்கின் கையில் இருக்கும் அந்தத் தீவைத்தானே உன் அமெரிக்கா தனக்கு வேண்டும் என்கிறது.

நீ போன தடவை கதைத்தபோது, "அம்மா, உலகத்துக்குக் காவல் நிக்கிறதே நாங்கள்தான், கிரீன்லாந்தும் எங்கட கையில இருக்கிறதுதான் நல்லது" என்றாய். உனக்கு எப்போது பிள்ளை இந்த நினைப்பு வந்தது? கோபத்தோடுதான் கேட்கிறேன். பிள்ளை பெற்று ஐந்தாம் கிழமை, லீவு இல்லை என்று அழுதுகொண்டு வேலைக்குப் போனவள் நீ. அதே வாயால் இப்படியொரு நாடு பூமியில் இல்லை என்கிறாய். பேரன் பள்ளியில் நெஞ்சில் கை வைத்துக் கொடிக்கு முன் நிற்கும் வீடியோ வடிவாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்தவன் வீட்டையும் உரிமையோடு கேட்கலாம் என்று அவன் பழகக் கூடாது. இங்குள்ளவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, தங்களைப் போல நேர்மையான சின்ன நாடு இல்லை என்பார்கள். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கிரீன்லாந்துப் பெண், இரண்டு பகுதியும் எங்களைக் கேட்காமலே எங்களைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று சிரித்தாள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாங்களும் ஊரில் ஒரு காலம் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று பேசியவர்கள்தான், பிறகு சண்டைக்குத் தப்பி இந்தக் குளிருக்கு ஓடி வந்தோம்.

துண்டைத் திருப்பித் தரும்படி பாஸ்ரரிடம் கேட்டேன். "கேட்டது கிடைச்ச பிறகு என்னெண்டு அக்கா திருப்புறது" என்றார். இப்போது ஒரே துண்டில் உன் பெயரையும் தம்பி பெயரையும் எழுதிப் போட்டிருக்கிறேன். பிரஜையாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விசுவாசத்தைக் காரணம் காட்டினால் ஆயுத வரியைச் சொல்லாமல் விடலாமாம், அப்பா தேடிப் பார்த்தார். அதை மட்டும் கேட்டுப் பார், எனக்காகக் கேள்.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் செட்டைகளின் கீழ் காப்பாராக. மறக்காமல் தம்பிக்கு ஒரு போன் எடு, ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறான். நத்தாருக்கு நீ அனுப்பினாயே, அமெரிக்கக் கொடி போட்ட தடித்த காலுறை, அதைத்தான் முதலில் பெட்டியில் வைத்தான். அக்கா தந்ததுதான் நல்ல சூடு என்கிறான்.

உங்கள் இரண்டு பேரையும் பெற்ற அம்மா
கிருபாமலர்