திருநீறு போட்டுத் தேய்த்த தங்கக் காசு

ஐப்பசி, இரண்டாவது வெள்ளி. இரவு.

இங்கே ரொக்ஸ்பரோவில் இருக்கும் என் அண்ணை யாழ்ப்பாணம் போகும்போது என்னிடம் தந்துவிட்டுப் போன தங்கக் காசை இன்று பழுதாக்கிவிட்டேன். பிரித்தானிய மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெளியிட்ட காசு. இருபது வருஷமாக நாணயம் சேர்க்கிறவருக்கு அதுதான் முதல் தங்கம்.

வெள்ளிக்கிழமை வீட்டில் தங்கம் இருக்க, இலட்சுமிக்கு முன்னால் வைக்காமல் விடலாமா என்று நினைத்தேன். பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து, காசைப் பாலில் கழுவி, குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

பின்னேரம் மகள் கண்டுவிட்டாள்.

"அம்மா, உதைக் கையால தொட்டனீங்களோ?"

"தொடாமல் எப்பிடிப் பிள்ளை பூசை செய்யிறது?"

"கண்ணாடி மாதிரி மினுங்குதெண்டுதான் மாமா வாங்கினவர். இப்ப பாருங்கோ, முழுக்கக் கீறல். ராசாவுக்கு நீங்கள் இரண்டாந்தரம் முடிசூட்டிப் போட்டியள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது மணிக்கு அண்ணையே தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, என்ர காசு பத்திரமோ?"

"சாமியறையில இருக்கு அண்ணை."

"அப்ப எனக்குக் கவலை இல்லை. பாங்கை விட நீ திறம்."

நான் சொன்னது பொய் இல்லை. உண்மையும் இல்லை. அதையும் சாமிக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னேன்.

படுத்தேன், எழும்பினேன். இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது; யாழ்ப்பாணத்தில் இப்போது காலை பத்து மணி. உண்மையைச் சொல்ல, அவர் கோயிலால் வரட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, சாப்பிடட்டும் என்று நினைத்தேன். இப்போது இலக்கத்தை அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது.