முந்திக் கொடுத்த காணிக்கை

புத்தலப்பட்டு,
ஜூலை 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கேசியாவுக்கு உன் நைனா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், வீட்டுக்குள் வரைக்கும் மாம்பழ வாசனைதான். நீ சுகமா என்று கேட்டால் வழக்கம்போல சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை, சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். ஆனால் போனில் ஆரம்பித்தால் நீ உடனே "பரவால்ல நைனா" என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், காகிதத்தில் அப்படித் தப்ப முடியாது. மல்லிகா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள், இதையும் உன் அம்மா போட்ட ஊறுகாயையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் இரண்டு வருஷம் அந்த வீட்டிலேயே வேலை செய்வதாக வருகிற ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறேன் என்றாயே, அதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடு.

இங்கே சீசன் உச்சத்தில் இருக்கிறது. ஜூஸ் பேக்டரி வாசலிலிருந்து சித்தூர் ரோடு வரைக்கும் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன, வெயிலில் பழுத்துச் சாறு ஒழுகுகிறது, ஈ மொய்க்கிறது, டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். நான் எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வண்டி ஏறி எடை போட்டு இறங்கி அடுத்தது வருவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும், அந்த நேரமெல்லாம் நான் இந்த ஊரில் இல்லை. உன் டிகிரி வந்ததிலிருந்தே அப்படித்தான். நீ போனில் அனுப்பிய சர்டிபிகேட்டைச் சித்தூரில் சிவசங்கரன் ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து லேமினேஷன் போட்டேன் அல்லவா, அன்றைக்கு நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. எந்தக் காலேஜ் என்று சிவசங்கரன் கேட்டான், போனிலேயே படித்தாள் என்றேன், அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சர்டிபிகேட் மூலையில் இருந்த கியூஆர் கட்டத்தை அவன் போனை வைத்துப் பிடித்தான் பார், உன் பெயரும் போட்டோவும் பாஸ் என்கிற எழுத்தும் அப்படியே அதில் வந்து நின்றது. இன்னொரு தடவை பிடித்துக் காட்டு என்றேன், அவனும் சிரித்துக்கொண்டே காட்டினான். பகலெல்லாம் அவர்கள் வீட்டுப் பாத்திரமும் துணியும் பார்த்துவிட்டு, அரிசி மூட்டை அடுக்கிய ரூமில் உட்கார்ந்து, கேமராவுக்கு முன்னால் தலையைத் திருப்பாமல் மூன்று மணி நேரம் பரீட்சை எழுதிய பெண் நீ. இந்த ஊரில் வேறு யார் அப்படிப் பாஸ் செய்திருக்கிறார்கள், சொல்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆபீஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வீடியோவிலேயே இன்டர்வியூ என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எடைமேடையில் உட்கார்ந்தபடியே உன்னைக் காலை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் சீட், கழுத்தில் நாடா போட்ட கார்டு, திருப்பதி நெருங்கும்போது பனிக்குள்ளிருந்து திருமலை மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. உனக்கென்று ஒரு மேஜை, மேலே ஃபேன், தண்ணீர் பாட்டில். சாயங்காலம் நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் தற்செயலாக வந்தவன் மாதிரி ரோட்டோரத்தில் நிற்பேன், கடைக்காரன் என்னைப் பார்த்து மேடம் வந்துட்டாங்க என்பான். இப்படி எத்தனை தடவை நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. சனிக்கிழமை இன்டர்வியூ முடிந்து நீ "நல்லா பேசனேன் நைனா, ரெண்டு மூணு வாரத்துல சொல்றேன்னாங்க" என்றாய். ஆன்லைனா ஆன்லைனா என்று அவர்கள் இரண்டு தடவை கேட்டதையும் சொன்னாய். அது என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நம் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் மேல் எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுத வேண்டும், பாஸ்டர் அதை எல்லோருக்கும் படித்துச் சொல்லி ஜெபிப்பார், உனக்குத் தெரியாததா. பெறுவதற்கு முன்னாலேயே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று அதற்கு முந்தின வாரம்தான் ஞானமணி பாஸ்டர் பிரசங்கம் செய்திருந்தார். நான் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு, என் மகள் கேசியாவுக்குத் திருப்பதியில் வேலை கிடைத்ததற்காக என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டுவிட்டேன். கடவுளுக்கும் எனக்கும் உள்ள விஷயம் என்று நினைத்தேனே தவிர, அது வாய்விட்டுப் படிக்கப்படும் என்பது அந்த நிமிஷம் மறந்தே போயிற்று. பாஸ்டர் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை படித்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா என் தொடையைக் கிள்ளி, "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியலியா உனுக்கு" என்றாள், நான் எங்கே வாயைத் திறந்தேன்! வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் கை குலுக்குகிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சொல்லவில்லை. நன்றாக இருந்தது கேசியா, உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது. மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நீ போன் செய்து வேலை இல்லை என்றாய். காலேஜுக்குப் போய்ப் படித்த பெண்ணையே எடுத்துக்கொண்டார்கள் என்றாய். பிறகு, இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே ஓட்டிவிடுகிறேன் என்றாய். நான் சரிம்மா, உன் இஷ்டம் என்றேன். வியாழக்கிழமை டிரைவர் கன்னையா எடைமேடையில் வந்து நின்று, "இன்னா மாமா, பொண்ணு எப்ப வந்து ஜாயின் ஆவுது" என்று கேட்டான். குவைத்திலேயே பெரிய ஆபீஸில் எடுத்துக்கொண்டார்கள், இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவாள் என்று கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன். அவன் ஆச்சரியப்பட்டான். அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, வண்டிகள் நகரவில்லை. நான் மறுபடியும் அந்தப் பஸ்ஸுக்குள் போனேன், இந்தத் தடவை குவைத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டிடத்துக்குப் போகிற பஸ். கார்டு இருக்கிறது, மேஜை இருக்கிறது, ஃபேன் இருந்த இடத்தில் ஏசி இருக்கிறது. உன் முகத்தை மட்டும் காணோம். எவ்வளவு முயற்சி செய்தும் வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சென்னை ஏர்போர்ட்டில் பார்த்த முகம்தான் வந்தது, சர்டிபிகேட்டில் இருப்பதும் அப்போது எடுத்த போட்டோதான், அது சின்னப் பெண் முகம், கார்டு போட்ட பெண்ணுக்குப் பொருந்தவில்லை. இத்தனை வாரமாக நான் கண்ட கனவில் மேடம் இருந்தாள், மேடத்தின் அப்பா இருந்தான், என் மகள் இல்லை. மழை விட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை, அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து நின்றேன். கவரில் எழுதியது அவசரத்தில் எழுதியது, கேசியாவுக்கு வேலை கிடைக்கவில்லை, குவைத்தில் ஆபீஸ் வேலை என்று கன்னையாவிடம் சொன்னதும் பொய், அங்கே வீட்டு வேலைதான் செய்கிறாள் என்றேன். ஜீவரத்தினம் அண்ணன் தன் பொருளாளர் புத்தியை விடாமல், "கிளமென்ட்டு, அந்தக் கவரத் திருப்பிக் குடுத்துடட்டா" என்று கேட்டார், நாலு பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேண்டாம் அண்ணா, கொடுத்தது கொடுத்ததுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். செருப்பு மாட்டும்போது சுந்தரி பக்கத்தில் வந்து, "வேல இல்லன்னா இன்னாண்ணா, கேசியா வரட்டும், எம் பொண்ணு படிப்பு இன்டரோட நின்னுக்கினு கீது, போன்ல எப்பிடி படிக்கறதுன்னு கேசியாதான் அதுக்கு சொல்லிக் குடுக்கணும்" என்றாள்.

சபையில் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்ல வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை, இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே என்று நீ அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாயே, அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ வரமாட்டாய், அதனால் கவரில் எழுதியது பொய்யாய்ப் போனது யாருக்கும் தெரியாது என்று. பெற்ற மகள் வரமாட்டாள் என்றதும் நிம்மதிப்பட்டவன் உன் அப்பன். ஒரு நிமிஷம்தான், ஆனால் பட்டேன். உன் இஷ்டம் என்று நான் சொன்னது அந்த நிம்மதியில் சொன்னது, அதை நம்பி நீ கையெழுத்துப் போட்டுவிடாதே.

அதனால் எழுதுகிறேன், கையெழுத்துப் போடாதே அம்மா, வந்துவிடு. வேலையை இங்கே இருந்து தேடு. திருப்பதியில் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஆபீஸ், ஒவ்வொன்றுக்கும் கூட வருகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எவனாவது ஆன்லைனா என்று கேட்டால் ஆமாம் என்று நிமிர்ந்து சொல், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கிடைக்க ஒரு வருஷமானாலும் ஆகட்டும், அதுவரைக்கும் தூங்கு, துன்னு, உன் அம்மாவோடு சண்டை போடு. புறப்படும்போது அந்த வீட்டு அம்மாவிடம் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு வா, பாஸ்போர்ட்டை முதலில் கையில் வாங்கிக்கொள். சர்க்கரை அதிகம் போட்ட டீயைக் குறை. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உன் அம்மாவின் முத்தமும் என் ஆசீர்வாதமும் உனக்கு.

சென்னைக்கு நான் வருகிறேன். வெளியே வரும் வழியில் கம்பிக்குப் பின்னால் நிற்பேன், எனக்கு உன்னை அடையாளம் தெரியாமல் போனாலும் போகும், நீதான் என்னைப் பார்த்து நைனா என்று கூப்பிட வேண்டும்.

உன் நைனா,
கிளமென்ட்