ஓனுமா கடை வாசலில் நின்ற வண்டி

அன்பு மகள் சிஹோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். இந்த வருஷம் இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன். நியூசிலாந்து வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இனி விஷயம். உன் அண்ணனுக்கு இந்த ஊர் ஓர் அநியாயம் செய்தது. மனசு சரியில்லாத மனிதன் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு, திருடனைப் போல வண்டியை வேறோர் இடத்தில் விட்டுவிட்டுப் பனியில் நடந்து போகும்படி செய்தது. இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

மாடுகளைக் கூட்டுங்கள் என்று சொன்னது பால் சங்கம்தான். புதுக் கொட்டகை கட்டி முடித்ததும், பால் மிஞ்சுகிறது, மாடுகளைக் குறையுங்கள் என்று சொன்னதும் அதே சங்கம்தான். பால் தந்துகொண்டிருந்த மாடுகளை உன் அண்ணன் தெட்சுயா தன் கையாலேயே இறைச்சிக்குப் போகிற லாரியில் ஏற்றினான். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது, சோறும் குறைந்தது. கறவை முடிந்த பிறகும் கொட்டகையிலேயே நிற்பான், போய்க் கூப்பிட்டால்தான் வருவான். நான் பயந்தது வேறொன்றுக்கு. கன்று பிறந்த அன்றைக்கே பெயர் வைக்கிறவன், காதில் தொங்கும் அட்டையில் இருக்கிற எண்ணைச் சொல்லி அதைக் கூப்பிட ஆரம்பித்தான். நான் கேட்டால் களைப்பு என்பான். கனாயேயைக் கேட்டால் அவளும் களைப்பு என்றாள். மருமகளும் மகனும் ஒரே வார்த்தையைச் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

ஜனவரியில் நான் கடையில் முள்ளங்கி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, டிராக்டர் விற்கிற ஓனுமாவின் மனைவி பக்கத்தில் வந்து, "ஏங்க்கா, டிராக்டரை விக்கப் போறீங்களாமே? செவ்வாய்க்கிழமையானா உங்க மகன் வண்டி எங்க கடை வாசல்லதான் நிக்குது. ஆளு மட்டும் உள்ள வர்றதில்ல. விலை கேக்கக் கூச்சப்படுறாரோன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு" என்றாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் சோற்றுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "டிராக்டரை விக்கணும்னா நான் கண்ணை மூடுற வரைக்கும் உனக்குப் பொறுக்க முடியாதா?" என்று கத்தினேன். தெட்சுயா என்னைப் பார்த்தான். "அம்மா, அந்த ஓட்டை டிராக்டரை யாரும்மா வாங்குவா?" என்று சிரித்தான். எத்தனை மாதம் கழித்துச் சிரிப்பு! அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அப்புறம் சூப் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நகரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை ஒரு மனநல டாக்டர் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிறாராம், அவரிடம்தான் போகிறானாம். "ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நின்னா மறுநாளே ஊர் பேசும்மா. என் பையனைப் பள்ளிக்கூடத்துல கேப்பாங்க" என்றான். தான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் சுலபம் என்று தோன்ற ஆரம்பித்ததையும், அதைக் கனாயேயிடம் சொன்னதையும் சொன்னான். அவள், "நான்தான் போகச் சொன்னேன் அத்தை" என்றாள். இவளைப் பற்றி நான் முன்பு எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. ஆனால் என்னிடம் மட்டும் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "சொன்னா நீங்களே வண்டிய ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிப்பீங்க" என்றாள்.

நின்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை தெட்சுயாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டினேன். கதவில் நம் பண்ணையின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறதே, அந்தப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்தினேன். அவன் உள்ளே போனான், நான் வண்டியிலேயே உட்கார்ந்து போகிற வருகிற எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். ஓனுமா வந்து கண்ணாடியைத் தட்டி, "என்னக்கா, வண்டி இடம் மாறி நிக்குது?" என்றார். "இதுதாம்ப்பா அதோட இடம், உன் கடை வாசல்ல நின்னதுதான் தப்பான இடம்" என்றேன். சிரித்தார், ஆனால் போகவில்லை. தொப்பியில் பனி விழுந்துகொண்டே இருந்தது. "அந்த டாக்டரு செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வர்றாரா?" என்று கேட்டார். "ஏன், நீயும் டிராக்டர் விக்கப் போறியா?" என்றேன். "ஒரு வருஷமா ஒண்ணுகூட விக்கலக்கா" என்றார், முகத்தில் சிரிப்பு இல்லை. டாக்டர் சாயங்காலம் வரைக்கும் இருப்பார், உள்ளே போ என்று மட்டும் சொன்னேன். மறுவாரம் நம் வண்டிக்குப் பக்கத்தில் அவருடைய கார் நின்றது. கடையிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். இருந்தும் மனிதர் காரில் வந்து வாசலில் நிறுத்தினார்.

அண்ணனுக்கு முழுதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்குகிறான், இரண்டாம் முறை சோறு கேட்கிறான், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குறட்டையைக் கேட்டு நானும் தூங்குகிறேன்.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். மாடுகளைக் கூட்டச் சொன்ன சங்கத்துக்காரர் நம் அடுக்களைக்கு வந்து உட்கார்ந்து, தெட்சுயா சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும். விவசாயி ஒருநாள் லீவு வேண்டும் என்றால், காரணம் கேட்காமல் சங்கம் கறவைக்கு ஆள் அனுப்ப வேண்டும். டாக்டர் வாரத்தில் இன்னொரு நாளும் வர வேண்டும், நான் அவரிடமே போய்ச் சொல்லிவிட்டேன், தலையை ஆட்டினார், விடமாட்டேன். அண்ணன் மாத்திரையை நிறுத்தக் கூடாது, பழைய எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த நிமிஷமே கனாயேயை எழுப்ப வேண்டும், அவள் என்னை எழுப்ப வேண்டும். வண்டியை நான் ஓட்டுவேன், லைசென்சைப் பிடுங்கும் வரைக்கும். நீ நன்றாக இரு, உன் குடும்பம் நன்றாக இருக்கட்டும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் போடு. மனசு எப்படியிருக்கு என்று டாக்டர் கேட்டுக்கொள்வார், நீ கன்றைப் பற்றிக் கேள். போன வாரம் ஒரு பெண் கன்று பிறந்தது. அதற்கு அவன் டிராக்டர் என்று பெயர் வைத்திருக்கிறான்.

உன் அம்மா
தொமியே