மூன்று விரல் இறக்கிய இன்ஜின்

என் வீட்டம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு பழைய மரப்படகின் பின்பக்கத்தில் நான் மாட்டிய இன்ஜின் அலறியதே தவிர, படகு நகரவில்லை.

"என்ன பெரியவரே, படகுல மிக்சியா மாட்டியிருக்கீங்க? நாளைக்கும் ஓடலைன்னா ஊருக்குக் கிளம்புங்க" என்றார் முதலாளி.

எல்லோரும் தண்ணீரைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லரை மாற்றச் சொன்னார்கள். நான் இன்ஜினோடு வந்த தாளில் தமிழைத் தேடிப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரொப்பல்லருக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டுமாம். நான் மூன்று விரல் உயர்த்தி மாட்டியதால் புரொப்பல்லர் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கடைந்திருக்கிறது. இறக்கி மாட்டினேன். படகு பறந்தது!

"இந்த வயசுல படிச்சா பேரா கெட்டுப்போகும்? போங்க!" என்று நீ முதியோர் கல்வி வகுப்புக்கு விரட்டியிராவிட்டால் இன்று பெட்டி கட்டியிருப்பேன். நீ நன்றாயிருக்க வேண்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. உன் போன கடிதத்தை ஒரே நாளில் படித்து முடித்துவிட்டேன். இனிமேல் நீளமாக எழுது.

உன் வீட்டுக்காரன்