ஈரத் தரையில் இரண்டு கோடு

6 ஜூலை 98, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரெயின்கோட் தோளில் கிழிசல், தைக்கக் கொடுக்கணும்.

இன்று விழுந்தோம். போபோடி ரயில்வே கேட் தாண்டி, வளைவில். வேகம் இருபதுகூட இல்லை. பின் சக்கரம் வழுக்கி பைக் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. மாலதிக்கு முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. எதிரே இருந்த பழக்கடைக்காரர் வரை ஓடிவந்து, கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியைப் பார்த்து, "நீ ஆடீட்டே, அதான்" என்றேன். அவள் புடவையை உதறிக்கொண்டு கட்கி ஸ்டேஷனுக்கு நடந்தாள். லோக்கல் பிடித்து சிஞ்ச்வட் பாக்டரிக்குப் போய்விட்டாள்.

வண்டி வாங்கி இரண்டே மாதம். எனக்கு முன்னால் இரண்டு கை மாறியது.

7, செவ்வாய்

மழை. காஸுக்குப் பதியணும்.

மா. இன்றும் லோக்கலில். "கை வலிக்குதுங்க, ரயிலே சௌரியம்." காரணம் கை இல்லை, எனக்குத் தெரியும். அவளை பாக்டரி கேட்டில் இறக்கிவிட்டு பாங்குக்குப் போகிற அந்த நேரம்தான் எங்களுக்குப் பேச்சு. இன்று தனியாகப் போனேன். வெறிச்சென்று இருந்தது.

மெக்கானிக் கண்பத்திடம் காட்டினேன். வழுக்குகிறது, நேராகப் போகும்போதே இடப்பக்கம் இழுக்கிறது என்றேன். அவர் பார்த்தவை:
– டயர் காற்று (பின்னால் அதிகம், குறைத்தார்)
– ஹேண்டில் பேரிங் (சரி)
– பின் சக்கரம் (நேராக நிற்கிறதா என்று காட்டும் குறி, செயின் பக்கமும் மறுபக்கமும் சமம்)

ஒரு குறையும் இல்லையாம். பிறகு சிரித்துக்கொண்டே, "மேடம் ஏக் தரஃப் பைட்தீ ஹை நா?" என்றார். பெண்கள் ஒருபக்கமாக உட்காருவதால் வண்டி அந்தப் பக்கம் இழுக்குமாம். எனக்கும் அது வசதியாக இருந்தது. தலையாட்டினேன். வீட்டில் வந்து சொல்லவும் செய்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

8, புதன்

மா. பாக்டரியிலிருந்து வந்தவள் பையைக்கூட வைக்கவில்லை. வண்டி முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கவில்லை.

"டயர் பட்டன் எல்லாம் புதுசாட்டம் இருக்குது. ரப்பர் செத்துப்போச்சுங்க. வருசக்கணக்கா நின்ன வண்டி."

டயர் தேயவே இல்லை பார் என்று வாங்கிய அன்று அவளிடமே பீற்றிக்கொண்டேன். நாள் முழுக்க உதிரிபாகம் அளந்து, மயிரிழை பிசகினாலும் ஒதுக்கித் தள்ளுகிற வேலை அவளுக்கு. இப்படிப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் கேட்கிறேன்.

9, வியாழன்

புது டயர். வழுக்கல் நின்றது. இழுப்பு நிற்கவில்லை. மா. லோக்கலில்தான்.

12, ஞாயிறு

ஒரு வாரத்துக்குப் பிறகு வெயில். துணி எல்லாம் மொட்டைமாடியில்.

எங்கள் குடியிருப்புச் சொசைட்டி முற்றத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. மா. கூப்பிட்டாள். "நீங்க மட்டும் ஓட்டுங்க. தண்ணில எறங்கி, ஷெட்டுக்குள்ள காஞ்ச தரையில நேரா போங்க." போனேன். இறங்கித் திரும்பிப் பார்த்தால், சிமென்டில் ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. முன் சக்கரத் தடத்துக்கு இரண்டு விரல் தள்ளிப் பின் சக்கரத் தடம்.

"இப்ப யாருங்க ஆடுனது?"

பொட்டலம் கட்டுகிற நூலைப் பின் டயரை ஒட்டி, முன் சக்கரம் வரை இருபுறமும் இழுத்துப் பிடித்தாள். ஒருபக்கம் முன் டயரைத் தொட்டது, மறுபக்கம் இடைவெளி. எப்போதோ வாங்கிய அடியில், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்பு வளைந்திருக்கிறது. அதில் போட்ட குறி இரண்டும் சமமாக இருந்தால் சக்கரம் கோணலாக நிற்கும். நானும் கண்பத்தும் அந்தக் குறியைத்தான் நம்பினோம்.

மேல்வீட்டு பால்கனியிலிருந்து, "காய் ஜாலே, பாபி?" – என்ன ஆச்சு என்று மராட்டியில் கேட்டார்கள். "காஹி நாஹி!" – ஒன்றுமில்லை என்று இவள் தரையில் படுத்தபடியே. கன்னத்தில் கிரீஸ். அவ்வளவு அழகாக இருந்தாள். சொல்ல தைரியம் வரவில்லை.

கண்பத்தைக் கூட்டி வந்தேன். நூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என் கடைக்கு வேலைக்கு வருகிறீர்களா மேடம் என்று ஹிந்தியில் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

13, திங்கள்

வளைந்த இரும்பை மாற்றியாயிற்று. ஈரத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே கோடு. மூன்று தடவை ஓட்டினேன், பார்க்கிற சந்தோஷத்துக்கு.

மாடிப்படியில் அவளை நிறுத்தி, "தப்பு என்னுதுதான் மாலதி" என்றேன்.

"அத்தன பேர் முன்னால சொன்னத, யாருமில்லாத படிக்கட்டுல வந்து வாபஸ் வாங்கறீங்க."

நியாயம்தான். தூக்கம் வரவில்லை.

14, செவ்வாய்

தூறல். ரயில்வே கேட் வரை சேர்ந்தே நடந்தோம், நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு. அவள் புடவை கட்டவில்லை, சுடிதார். ரயில் வருகிறது என்று கேட் மூடியிருந்தது. இருபுறமும் சைக்கிள், ஸ்கூட்டர், அன்று பார்த்த அதே பழக்கடைக்காரர்.

மா. கையை நீட்டினாள். எதற்கு என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. சாவி.

திருப்பூரில் அண்ணன் வண்டியை ஓட்டுவாள் என்று பெண் பார்க்கப் போனபோதே அவள் வீட்டில் சொன்னார்கள். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. கொடுத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

கேட் திறந்தது. திரும்பாமலே, பழக்கடை வரை கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஆடாம உக்காருங்க."

ஆடவில்லை.