பதிலுக்கு விட்ட இடம்

மார்ச் 4

இந்த மாதம் பத்தொன்பது கடிதங்கள். எங்கள் ஓய்வூதியர் சங்க மடலின் ‘நிபுணரைக் கேளுங்கள்’ பக்கத்துக்கு வருபவற்றைப் பிரிப்பது என் வேலை. சம்பளமில்லை. கல்லூரி நூலகத்தில் நாற்பது வருடம் புத்தகங்களை வகைப்படுத்தியவனுக்கு வேறென்ன தெரியும்? பொருத்தமான கேள்விகள் நிதி நிபுணருக்குப் போகும். மற்றவை பழுப்புக் கோப்புக்குள்.

எங்கள் கல்லூரி விடுதியில் சமைத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: ‘பதினஞ்சு வருசத் திட்டத்துல போடுங்கன்னு மாசாமாசம் சொல்றீங்க. எனக்கு அறுபத்தெட்டு. நான் போட்டா உங்களுக்கு என்ன கெடைக்கும்?’

எங்கள் பக்கத்தின் விதி ஐந்து: நிபுணரைப் பற்றிய கேள்விகள் ஏற்கப்படா. கோப்பில் வைத்தேன். வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன். எதற்கு?

மார்ச் 5

பழைய மடல்களைப் புரட்டினேன். முதலில் நான்கு விதிகள்தான் இருந்திருக்கின்றன. ஐந்தாவது, இந்த நிபுணர் வந்த மாதத்தில் சேர்ந்தது.

மார்ச் 9

அந்த அம்மா சங்க அறைக்கே வந்துவிட்டார். கேள்வி இந்த மாத மடலில் வருமா என்றார். பொருத்தமில்லை என்றேன், மேசையைப் பார்த்துக்கொண்டு.

“காய் வாங்குறப்பகூட அமுக்கிப் பாக்குறோம். காய்க்காரர் கோவிச்சுக்குவாருன்னு அப்படியே அள்ளிட்டு வர்றோமா, சார்?”

முப்பதாம் தேதி நிபுணரின் ஆள் சங்க அறைக்கு வந்து விண்ணப்பங்கள் வாங்கப்போகிறார். ஓய்வின்போது கிடைத்த மொத்தப் பணத்தையும் அதில் போடச் சொல்லியிருக்கிறாராம் எங்கள் செயலாளர். இந்த அம்மாவுக்கு அதைவிட்டால் வேறு காசில்லை. கணவரும் இல்லை.

“நீங்க படிச்சவங்க. போடலாமா, வேணாமா?”

நான் நிபுணரில்லை என்றேன். உண்மைதான். ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மார்ச் 11

கோப்பைப் பிரித்து மேசைமேல் பரப்பினேன். இரண்டு வருடத்தில் ஒதுக்கியவை நாற்பத்தொன்று. அவற்றில் இருபத்தாறு ஒரே கேள்வி, வேறு வேறு ஆட்கள்: வண்டி ஓட்டுநர், தோட்டக்காரர், வேதியியல் பேராசிரியர். ஒவ்வொன்றின் மூலையிலும் ‘பொருத்தமில்லை’. அது மட்டும் ஒரே கையெழுத்து, என்னுடையது.

மனைவி என்னைப் பயந்தாங்கொள்ளி என்பது கேலிக்கு. இது கேலியில்லை.

மார்ச் 13

கேள்வியைத் திருத்தி எழுதினேன். ‘ஒரு திட்டத்தைப் பரிந்துரைப்பவருக்கு அதன் விற்பனையில் தரகு உண்டா, எவ்வளவு என்பதை உறுப்பினர் எப்படித் தெரிந்துகொள்வது? அறுபத்தெட்டு வயதில் பதினைந்து ஆண்டு முதலீடு தகுமா?’

பெயரில்லை, புகாரில்லை. ஐந்து விதிகளோடும் வைத்துப் பார்த்தேன், எதிலும் இடிக்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “என் கேள்விக்குச் சட்டை மாட்டித் தலை சீவி ஆபீசுக்கு அனுப்புறீங்களா” என்று சிரித்தார். மற்ற ஆறு கேள்விகளோடு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 19

ஆறு பதில்கள் வந்தன. ஏழாவதற்கு இல்லை. நிபுணரைத் தொலைபேசியில் பிடித்தேன். இதெல்லாம் உறுப்பினர்களைக் குழப்பிவிடும் என்றார். செயலாளர் அதைவிடச் சுருக்கம்: “பழைய கேள்வி பதில் ஒண்ணைப் போட்டு ரொப்பிடுங்க சார். நாளைக்கு அச்சுக்குப் போகணும்.”

சரி என்றேன். சரி சொல்லும் வியாதி எனக்கு.

மார்ச் 20

காலையில் மூன்று முறை செருப்பை மாட்டிக் கழற்றினேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். “என்னங்க, மிஞ்சிப்போனா என்ன பண்ணுவாங்க? சம்பளத்தைப் பிடிப்பாங்களா?”

சம்பளமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பதிலுக்குப் பன்னிரண்டு வரி. அச்சகத்துக்குப் போய், ஏழாவது கேள்விக்குக் கீழே அந்தப் பன்னிரண்டு வரியையும் வெறுமனே விடச் சொன்னேன். அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்வார்களே என்றார் அச்சகக்காரர். ஆகவே அடியில் சிறிதாக: ‘இக்கேள்வி மார்ச் 13 அன்று நிபுணருக்கு அனுப்பப்பட்டது. பதில் வரவில்லை.’ அதன் கீழே என் உறுப்பினர் எண். பெயரை எழுதத் துணிவு வரவில்லை. எண் என்னவோ தெளிவாகத்தான் விழுந்தது.

மார்ச் 26

மடல் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. சங்கத்தின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டேன் என்று செயலாளர் தொலைபேசியில் கால்மணி நேரம். அடுத்த மடலில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

நான்கு வரைவுகள் எழுதினேன். பணிவாக, பிழையில்லாமல், நன்றாகவே எழுதினேன். நான்கையும் கிழித்துப்போட்டேன். ஐந்தாவது ஒரே வரி: ‘கேள்வி பொருத்தமானது.’ அனுப்பியாயிற்று. என்னதான் செய்வார்கள் — செய்யட்டும், பார்ப்போம்.

மார்ச் 28

பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். கோப்பைக் கேட்டார்கள். தரவில்லை.

மார்ச் 30

போகவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, போனேன்.

வரிசையில் பதினொரு பேர், அந்த அம்மாதான் முதல். நிபுணரின் ஆள் விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தன் பையிலிருந்து மடலை எடுத்து, காலியிடம் மேலே தெரியும்படி மடித்து, அந்த ஆள் பக்கம் நகர்த்தினார்.

“மொதல்ல நீங்க இதை ரொப்புங்க, தம்பி. அப்புறம் நான் அதை ரொப்புறேன்.”

பின்னால் நின்ற பேராசிரியர் கையிலும் அதே பக்கம். ஓட்டுநர் கையிலும். நிபுணரின் ஆள் பேனாவைத் திறந்தார், மூடினார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக எழுந்துகொண்டார். பதினொரு விண்ணப்பங்களும் எழுதப்படாமலே அவர் பைக்குள் போயின.

நான் கதவோரம் நின்றிருந்தேன். உள்ளே போகத் தைரியமில்லை. ஆனால் கடைசிவரை நின்றேன்.

ஏப்ரல் 6

அந்த அம்மா பணத்தை வங்கியில் ஒரு வருட வைப்பில் போட்டுவிட்டாராம். வட்டி கம்மிதான், ராத்திரி தூக்கம் வருகிறது என்றார்.

ஏப்ரல் 17

செயலாளர் வீட்டுக்கு வந்தார். கோப்புக்காகத்தான் வந்திருக்கிறார், இந்த முறையும் தரப்போவதில்லை என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் கோப்பைப் பற்றிப் பேசவே இல்லை. போன வருடம் தன் பணம் முழுவதையும் அந்தத் திட்டத்தில்தான் போட்டிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது எடுத்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. சண்டை போட வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கும் தெரியாது என்றேன். திட்டக்காரர்களின் அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும், நாளை இருவருமாகப் போவோம் என்றேன்.

வாசல்வரை போய்த் திரும்பினார்.

“இதையெல்லாம் போய்க் கேக்கலாமா, சார்?”

“கேக்கலாம்” என்றேன்.