பாக்கார் ஆராங் முகவரி

ஜனவரி 8, வியாழன்

எங்கள் ஊர்ப் பாடாங் செராய் இடைநிலைப் பள்ளியையும் சுங்கை பட்டாணி டவுன் பள்ளியையும் நேரில் பார்த்துவிட்டு, ஒரு மாதமாக வீடு வீடாகப் போய்ப் பெற்றோர்களிடம் பேசினேன். "டவுன் பள்ளியில லேப் பெருசுதான்க்கா. ஆனா நம்ம பாடாங் செராயில பதினஞ்சு பிள்ளைங்க சேர்ந்தா தமிழ் வகுப்பு கிடைக்கும் லா." என் மகள் கவிதாவோடு சரியாகப் பதினைந்து பேர் சேர்ந்தார்கள்.

இன்று கவிதாவின் பையில் சுங்கை பட்டாணிப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் இருந்தது. அதே டவுனில் பாக்கார் ஆராங் பகுதியில் இருக்கும் தம் அக்காளின் முகவரியைக் கொடுத்து என் கணவர் விண்ணப்பித்திருக்கிறார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விடமாட்ட லா. பிள்ளை அத்தை வீட்டுல தங்கி நல்லா படிக்கட்டும்."

கவிதாவுக்கும் முன்பே தெரியுமாம். ஒவ்வொரு வீட்டுக்கும் என்னோடு வந்தவள் அவள்.

பிறர் சொல்லித் தெரிய வேண்டாமென்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். "எங்க பிள்ளைங்களுக்கு இங்க, உங்க பிள்ளைக்கு மட்டும் டவுனா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்கும் இன்றுதான் தெரியும் என்றால் யார் நம்புவார்கள்?

திரும்பி வந்தபோது என் கணவர் கவிதாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உதவவில்லை. தடுக்கவும் இல்லை.